விபத்துக் காயத்துக்கான வழக்கு: மாநில நீதிமன்றமா, ஃபெடரல் நீதிமன்றமா?

அமெரிக்காவில் விபத்தில் காயமடைந்து வழக்குத் தொடுக்க நினைப்பவர்களில் பலர், எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்பதை வழக்குரைஞரின் பொறுப்பில் விட்டுவிட்டு, இழப்பீடு எவ்வளவு வரும் என்பதை மட்டும் கேட்கிறார்கள். எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்குரைஞரோ கோப்பு கைக்கு வந்த அன்றே முதலில் ஆராய்வது நீதிமன்றம் எது என்பதைத்தான். ஜூரியில் எந்தப் பகுதி மக்கள் அமர்வார்கள், அவர்களில் எத்தனை பேர் ஒத்துப்போனால் தீர்ப்பு ஆகும், எந்த நிபுணரின் சாட்சியம் ஏற்கப்படும் என்பவை எல்லாம் அதைப் பொறுத்தவை. அதிலும் வேலைக்கான எச்-1பி விசாவில் இருப்பவர், நிரந்தரமாக வாழ அனுமதிக்கும் கிரீன் கார்டு பெற்றவர், அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர் ஆகிய நால்வருக்கும் விடை ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே இந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கத் தெரிந்திருப்பது நல்லது.

இரண்டு வரிசைகள்

இந்தியாவில் மத்தியச் சட்டமானாலும் மாநிலச் சட்டமானாலும் வழக்கு மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஒரே வரிசையில்தான் ஏறுகிறது. அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனி நீதிமன்ற வரிசை உண்டு. அவற்றுக்கு அருகிலேயே ஃபெடரல், அதாவது மத்திய அரசின், நீதிமன்றங்களின் வரிசை இருக்கிறது. பெயர்கள் புதியவரைக் குழப்பும். நியூயார்க்கில் ‘சுப்ரீம் கோர்ட்’ என்பது வழக்கு முதலில் விசாரிக்கப்படும் மாநில நீதிமன்றம். டெக்சஸில் ‘டிஸ்ட்ரிக்ட் கோர்ட்’ என்பதும் மாநில நீதிமன்றமே. கையில் கிடைத்த தாளின் தலைப்பில் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்’ என்று முழுப் பெயரும் இருந்தால் அது ஃபெடரல் நீதிமன்றம். நாடு முழுவதும் அத்தகைய மாவட்டங்கள் 94 உள்ளன.

இரண்டு வரிசைகளுக்கும் இடையில் ஓர் அடிப்படை வேறுபாடு இருக்கிறது. மாநில நீதிமன்றம், தடை ஏதும் இல்லாதவரை, ஏறக்குறைய எந்த வழக்கையும் விசாரிக்கலாம். ஃபெடரல் நீதிமன்றம் அரசியல் சாசனமும் நாடாளுமன்றச் சட்டமும் கைகாட்டிய வழக்குகளை மட்டுமே விசாரிக்கலாம். அந்த அதிகாரம் இருக்கிறது என்று காட்டும் பொறுப்பு ஃபெடரல் நீதிமன்றத்தை நாடுபவருடையது. இரு தரப்பும் மனமொத்துக் கேட்டாலும் இல்லாத அதிகாரம் வந்துவிடாது. 1804-ல் தீர்ப்பான கேப்ரன் எதிர் வான் நூர்டன் வழக்கில், ஃபெடரல் நீதிமன்றத்தில் தானே வழக்குத் தொடுத்துத் தோற்ற வாதி, அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இருந்ததாகப் பதிவில் காட்டப்படவில்லை என்று மேல்முறையீடு செய்து, தனக்கு எதிரான தீர்ப்பையே ரத்துச் செய்ய வைத்தார். கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் அந்த விதி இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

எனவே சாதாரணக் கார் விபத்து, கடையில் வழுக்கி விழுந்தது, நாய்க்கடி, மருத்துவரின் கவனக்குறைவு போன்றவற்றுக்கு மாநில நீதிமன்றமே இயல்பான இடம் என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து விலகக் காரணம் இருக்கிறதா என்று தேடுவதுதான் சரியான முறை.

முதலில் பார்க்க வேண்டியது: எதிரே நிற்பது அரசா?

அஞ்சல் துறையின் வண்டி மோதினாலோ, முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சிகிச்சை தவறினாலோ, ஃபெடரல் அரசின் ஊழியர் பணியின்போது காயம் விளைவித்தாலோ வழக்கு 1946-ஆம் ஆண்டின் ஃபெடரல் டார்ட் கிளெய்ம்ஸ் சட்டத்தின் கீழ் வருகிறது. இந்த வழக்கை ஃபெடரல் நீதிமன்றத்தில் மட்டுமே தொடுக்கலாம். ஜூரி கிடையாது, நீதிபதியே தீர்ப்பளிப்பார். தண்டனையாக விதிக்கப்படும் கூடுதல் இழப்பீடும் கிடையாது. நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்பே, காயம் ஏற்பட்ட இரண்டு ஆண்டுகளுக்குள், உரிய துறைக்கு எழுத்து மூலம் கோரிக்கை அளித்திருக்க வேண்டும். அதற்கெனப் ‘படிவம் 95’ உள்ளது. அதில் கோரும் தொகையைத் துல்லியமான எண்ணாக எழுத வேண்டும். பின்னால் நீதிமன்றத்தில் பொதுவாக அதற்கு மேல் கேட்க முடியாது என்பதால் குறைத்து எழுதிவிடக் கூடாது. துறை மறுத்துக் கடிதம் அனுப்பினால் அது அனுப்பப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். ஆறு மாதம் வரை பதிலே வராவிட்டால் அதை மறுப்பாகக் கொண்டு வழக்குத் தொடுக்கலாம்.

இதில் பலர் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. குறைந்த கட்டணத்தில் சிகிச்சை தரும் சமூக மருத்துவ மையங்கள் பல ஃபெடரல் நிதி பெறுபவை. அப்படிப்பட்ட மையம் உரிய அங்கீகாரம் பெற்றிருந்தால், அங்கே பணிபுரியும் மருத்துவரும் செவிலியரும் இந்தச் சட்டத்தின் பார்வையில் ஃபெடரல் ஊழியர்கள் ஆகிவிடுகிறார்கள். வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைப் பார்த்தால் தனியார் மருத்துவமனை போலவே தெரியும். பிரசவத்தில் குழந்தைக்குக் காயம் ஏற்பட்டால், பல மாநிலங்களின் சட்டம் குழந்தை வளரும் வரை கால அவகாசம் தருகிறது; ஃபெடரல் சட்டத்தின் இரண்டு ஆண்டுக் கெடுவோ குழந்தை என்பதற்காக நிற்பதில்லை. மாநில அவகாசத்தை நம்பிக் காத்திருந்து உரிமையை இழந்த குடும்பங்கள் உண்டு. சிகிச்சை பெற்ற இடம் இந்த வகையைச் சேர்ந்ததா என்பதை ஃபெடரல் சுகாதாரத் துறையின் எச்.ஆர்.எஸ்.ஏ. அமைப்பின் இணையதளத்தில் தேடிப் பார்த்துவிடுவது வழக்குரைஞரைச் சந்திப்பதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை.

எதிரே நிற்பது மாநில அரசு என்றால் நிலை தலைகீழ். மாநில அரசின் சம்மதமின்றி அதன் மீது இழப்பீடு கேட்டு ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பதை அரசியல் சாசனத்தின் 11-ஆம் திருத்தம் தடுக்கிறது. நகராட்சிக்கும், நம் மாவட்டம் போன்ற கவுண்டிக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும், வழக்குக்கு முன்பே கோரிக்கையை எழுத்தில் அறிவிக்க வேண்டிய கெடு மிகக் குறுகியது. நியூஜெர்சியில் அரசு அமைப்புகளுக்கும் நியூயார்க்கில் நகராட்சிகளுக்கும் பொதுவாக 90 நாள்கள், கலிஃபோர்னியாவில் ஆறு மாதங்கள்.

உரிமை எந்தச் சட்டத்திலிருந்து வருகிறது?

அரசு எதிரே இல்லையென்றால் அடுத்த கேள்வி, இழப்பீடு கேட்கும் உரிமையை நமக்குத் தந்தது ஃபெடரல் சட்டமா என்பது. அந்த உரிமை நம்முடைய வழக்குரையிலேயே, அதாவது வழக்கைத் தொடங்கும் மனுவிலேயே, தெரிய வேண்டும். எதிர்த்தரப்பு என்ன பதில் சொல்லும் என்பதை வைத்து அதிகாரம் பிறக்காது. இந்த விதியை நிலைநாட்டிய 1908-ஆம் ஆண்டு மாட்லி வழக்கின் வேர் ஒரு ரயில் விபத்துதான். 1871-ல் ரயில் மோதலில் காயமடைந்த தம்பதிக்கு, வழக்கு வேண்டாம் என்பதற்கு ஈடாக ஆயுள் முழுவதும் இலவசப் பயணச் சீட்டு தருவதாக ரயில் நிறுவனம் ஒப்புக்கொண்டது. பிற்பாடு இலவசச் சீட்டுகளைத் தடுக்கும் ஃபெடரல் சட்டம் வந்ததைக் காட்டி நிறுவனம் நிறுத்திக்கொண்டது. ஃபெடரல் சட்டம் நிறுவனத்தின் தற்காப்பில் மட்டுமே வருகிறது, தம்பதியின் உரிமையோ சாதாரண ஒப்பந்த உரிமை என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் அந்த வழக்கு ஃபெடரல் நீதிமன்றத்தில் நிற்காது என்றது.

ஃபெடரல் விதி ஒன்று மீறப்பட்டிருப்பதாலேயே வழக்கு ஃபெடரல் வழக்கு ஆகிவிடும் என்று நினைப்பதும் தவறு. சரக்கு லாரி ஓட்டுநர் தொடர்ந்து பத்து மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு அதிகபட்சம் 11 மணி நேரம்தான் வண்டி ஓட்டலாம் என்பது ஃபெடரல் விதி. அதை மீறித் தூக்கக் கலக்கத்தில் மோதினால், அந்த மீறல் கவனக்குறைவுக்கு நல்ல சான்று. ஆனால் இழப்பீட்டு உரிமை மாநிலச் சட்டத்திலிருந்தே வருகிறது. மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பில் ஃபெடரல் சட்டம் மீறப்பட்டதாகச் சொன்ன வழக்கிலும் 1986-ல் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் முடிவு செய்தது.

உண்மையிலேயே ஃபெடரல் உரிமை தரும் வகைகள் சில. காவலர் அளவுமீறிப் பலம் பயன்படுத்தியதற்கான குடிமை உரிமை வழக்கை இரு நீதிமன்றங்களிலும் தொடுக்கலாம். மாநிலத்தில் தொடுத்தால் எதிர்த்தரப்பு ஃபெடரலுக்கு மாற்றிக்கொள்ளலாம். ரயில்வே தொழிலாளரின் காயத்துக்கு 1908-ஆம் ஆண்டுச் சட்டமும், கப்பல் மாலுமியின் காயத்துக்கு ஜோன்ஸ் சட்டமும் இருக்கின்றன. இவையும் ஃபெடரல் சட்டங்களே என்றாலும், தொழிலாளி மாநில நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இந்தச் சட்டங்களைக் காரணம் காட்டி முதலாளி வழக்கை ஃபெடரலுக்கு இழுக்க முடியாது. மாநிலத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வரும் வழக்குக்கும் அதே பாதுகாப்பு உண்டு.

நம்மவர்கள் அடிக்கடி தொடும் வகை விமானப் பயணம். சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான பயணத்தில் விமானத்துக்குள்ளோ, ஏறும்போதோ இறங்கும்போதோ விபத்தில் காயம் ஏற்பட்டால், பன்னாட்டு விமானப் பயண இழப்பீடு பற்றிய மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். வழக்குத் தொடுக்க இரண்டே ஆண்டுகள். இரு நாடுகளும் அதில் உறுப்பினர்கள். உடன்படிக்கை ஃபெடரல் சட்டத்துக்கு இணையானது என்பதால் ஃபெடரல் நீதிமன்றம் விசாரிக்கலாம். வெளிநாட்டு அரசே நேரடியாகப் பெரும்பங்கு வைத்திருக்கும் விமான நிறுவனம் என்றால், மாநிலத்தில் தொடுத்த வழக்கையும் அது ஃபெடரலுக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்போது ஜூரியும் கிடைக்காது. வளைகுடா வழியாகப் பறப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

யார் எந்த மாநிலத்தவர்?

ஃபெடரல் அரசும் இல்லை, ஃபெடரல் உரிமையும் இல்லை என்றால் மிஞ்சுவது ஒரே வழி: இரு தரப்பும் வெவ்வேறு மாநிலத்தவர்களாக இருப்பது. வெளியூர்க்காரருக்கு உள்ளூர் நீதிமன்றத்தில் ஓரவஞ்சனை நேரலாம் என்ற அச்சத்தால் ஏற்பட்ட ஏற்பாடு இது. இரண்டு நிபந்தனைகள் உண்டு. வாதிகளில் ஒருவரும் பிரதிவாதிகளில் ஒருவரும் ஒரே மாநிலத்தவராக இருக்கக் கூடாது. 1806 முதல் வரும் இந்த விதிப்படி எதிர்த்தரப்பில் பத்துப் பேர் இருந்து அவர்களில் ஒருவர் நம் மாநிலத்தவரானாலும் ஃபெடரல் கதவு மூடிவிடும். இரண்டாவதாக, வழக்கின் மதிப்பு வட்டியும் செலவும் நீங்கலாக 75,000 டாலரைத் தாண்ட வேண்டும். சரியாக 75,000 என்றால் போதாது.

அமெரிக்கக் குடிமகன் ஒருவர் எந்த மாநிலத்தவர் என்பது, அவர் நிலையாகத் தங்கும் எண்ணத்துடன் வாழும் மாநிலத்தைப் பொறுத்தது. ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, வருமான வரி, சொந்த வீடு, பிள்ளைகளின் பள்ளி ஆகியவை சான்றுகள். விபத்து நடந்த மாநிலம் எது என்பது இங்கே பொருட்டல்ல. வழக்குத் தொடுத்த நாளில் இருந்த நிலையே கணக்கு. குழந்தைக்காகவோ இறந்தவருக்காகவோ வேறொருவர் வழக்கு நடத்தினால், அந்தக் குழந்தையின் அல்லது இறந்தவரின் மாநிலமே பார்க்கப்படும்.

எச்-1பி, எஃப்-1 (மாணவர்), பி-2 (சுற்றுலா) விசாவில் இருக்கும் இந்தியக் குடிமகன் நியூஜெர்சியில் எத்தனை ஆண்டு வாழ்ந்திருந்தாலும் இந்தக் கணக்கில் வெளிநாட்டவர்தான். ஆகவே நியூஜெர்சிக்காரர் மீது அவர் ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க முடியும். கிரீன் கார்டு பெற்றவரும் வெளிநாட்டவரே. ஆனால் அவர் நிலையாக வாழும் அதே மாநிலத்தின் குடிமகன் எதிரே இருந்தால் அந்த வழி இல்லை என்று சட்டம் தனியாகச் சொல்கிறது. வெளிநாட்டவருக்கு எதிராக வெளிநாட்டவர் என்றால் வழியே இல்லை. அமெரிக்காவுக்கு வந்திருக்கும் தாயார் மீது எச்-1பி விசாவில் இருக்கும் இந்தியரின் கார் மோதினால், அந்த வழக்கு மாநில நீதிமன்றத்துக்குத்தான் போகும். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும் அமெரிக்கர் என்றே கருதப்படுவார். மிக விசித்திரமான நிலை, அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டுச் சென்னைக்கே திரும்பி நிலையாக வாழ்பவருடையது. அவர் வெளிநாட்டவரும் அல்லர், எந்த மாநிலத்தவரும் அல்லர். அவர் ஒரு தரப்பில் இருந்தாலே இந்த வழி அடைபட்டுவிடும்.

நிறுவனங்களுக்கு வேறு கணக்கு. கார்ப்பரேஷன் பதிவு பெற்ற மாநிலத்துக்கும், அதை இயக்கும் தலைமையகம் இருக்கும் மாநிலத்துக்கும் உரியது. கடை எங்கே இருக்கிறது என்பது பொருட்டல்ல. எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்பு நிறுவனம்) என்றால் பதிவைப் பார்ப்பதே கிடையாது. அதன் உறுப்பினர் ஒவ்வொருவரும் எந்த மாநிலத்தவரோ அந்த மாநிலங்கள் அனைத்துக்கும் அது உரியது. உறுப்பினரே இன்னொரு எல்.எல்.சி.யாக இருந்தால் அதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பு, மோட்டல், பெட்ரோல் நிலையம், சிறிய லாரி நிறுவனம் எல்லாம் பெரும்பாலும் எல்.எல்.சி.க்களே. மோட்டல் நடத்தும் எல்.எல்.சி.யின் பங்காளிகளில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்து, காயமடைந்தவரும் எச்-1பி விசாவில் இருந்தால், இரு பக்கமும் வெளிநாட்டவர் நிற்பதால் ஃபெடரல் அதிகாரம் போய்விடும். இதை யாரும் முதல் நாளில் கவனிப்பதில்லை.

ஓர் உதாரணத்தை முழுவதுமாகப் பார்க்கலாம். நியூஜெர்சியின் எடிசனில் வாழும், கிரீன் கார்டு பெற்ற பெண் ஒருவர், ஒரு தொடர்கடையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொள்கிறார். கடை நிறுவனம் டெலவேரில் பதிவானது, தலைமையகம் டெக்சஸில். அவர் கடை மீது மட்டும் நியூஜெர்சியின் மாநில நீதிமன்றமான சுப்பீரியர் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தால், எதிரே நியூஜெர்சிக்காரர் யாரும் இல்லாததால் கடை அதை ஃபெடரலுக்கு மாற்றிக்கொள்ளும். தரையைத் துடைத்துவிட்டு எச்சரிக்கைப் பலகை வைக்காமல் போன துப்புரவு ஒப்பந்த நிறுவனம், நியூஜெர்சியில் வாழும் அமெரிக்கர் இருவர் நடத்தும் எல்.எல்.சி. என்று தெரிந்து, அதையும் சேர்த்தால் வழக்கு மாநிலத்திலேயே நிற்கும். அதே பெண் எச்-1பி விசாவில் இருந்திருந்தால்? அப்போது ஒப்பந்த நிறுவனத்தைச் சேர்த்தாலும் ஃபெடரல் அதிகாரம் இருக்கும். ஆனால் வேறொரு விதி குறுக்கே வரும். மாநில வேறுபாட்டை மட்டும் காரணமாகக் காட்டும்போது, முறையாகச் சேர்க்கப்பட்டு அழைப்பாணையும் பெற்ற பிரதிவாதிகளில் ஒருவர் வழக்கு நடக்கும் மாநிலத்தவராக இருந்தால் வழக்கை மாற்றிக்கொள்ள முடியாது.

‘அழைப்பாணை பெற்ற’ என்ற சொற்களில் ஒரு சந்து இருக்கிறது. உள்ளூர்ப் பிரதிவாதிக்கு அழைப்பாணை சேருவதற்கு முன்பே, மின்னணுப் பதிவைக் கண்காணித்துக்கொண்டிருக்கும் நிறுவனங்கள் அவசர அவசரமாக வழக்கை மாற்றிக்கொள்கின்றன. நியூஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களை உள்ளடக்கிய மூன்றாவது வட்ட ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-ல் இதை அனுமதித்துவிட்டது. ஆகவே அங்கெல்லாம் வழக்கைப் பதிவு செய்த கையோடு உள்ளூர்ப் பிரதிவாதிக்கே முதலில் அழைப்பாணையைச் சேர்ப்பிக்க வேண்டும்.

வழக்கை மாநிலத்திலேயே நிறுத்துவதற்காகச் சம்பந்தமில்லாத ஒருவரைப் பிரதிவாதியாக இழுத்துவிடுவது பலிக்காது. உள்ளூர்க்காரர் என்பதற்காகக் கடை மேலாளரின் பெயரைச் சேர்த்தால், அவர் செய்த தவறு இன்னது என்று வழக்குரையில் சொல்ல முடிய வேண்டும். விபத்து நடந்த அன்று அவர் விடுமுறையில் இருந்தார் என்றால் நீதிபதி அவரை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவார். பெயர் தெரியாத பிரதிவாதி என்று குறிப்பிடப்படுபவரும் வழக்கை மாற்றும் கணக்கில் சேரமாட்டார்.

75,000 டாலர் வரம்பில் மருத்துவச் செலவு, இழந்த ஊதியம், வலிக்கும் வேதனைக்கும் கேட்கும் தொகை எல்லாம் சேரும். சூரை மீன் டப்பாவில் விரல் வெட்டுப்பட்ட ஒன்பது வயதுச் சிறுமியின் வழக்கில், சிறுமியின் கோரிக்கை வரம்பைத் தாண்டினால் அவளுடைய குடும்பத்தாரின் சிறிய கோரிக்கைகளும் அதனுடனேயே ஃபெடரல் நீதிமன்றத்தில் நிற்கலாம் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நியூயார்க், நியூஜெர்சி, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் காய வழக்கின் வழக்குரையில் தொகையையே எழுதக் கூடாது. எதிர்த்தரப்பு தனியாகக் கேட்டு எழுத்தில் பதில் பெறும். அந்தப் பதில், பலமுறை, வழக்கை மாற்றும் கடிகாரத்தை ஓடத் தொடங்கவைக்கிறது. 75,000-க்கு மேல் கேட்கமாட்டேன் என்று வழக்கு மாற்றப்படுவதற்கு முன்பே கட்டுப்பட்டு எழுதித் தந்தால் மாநிலத்தில் இருந்துவிடலாம். மாற்றப்பட்ட பிறகு தொகையைக் குறைத்துச் சொல்வதால் பயனில்லை. ஆனால் அறுவை சிகிச்சை வரை போன காயத்துக்கு அப்படி எழுதிக்கொடுப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நீதிமன்றத்தைக் காப்பாற்றப் போய் இழப்பீட்டைக் கைவிடுவதாக அது முடியும்.

வழக்கை மாற்றும் உரிமையும் நாள்கணக்கும்

ஃபெடரலிலும் தொடுத்திருக்கக்கூடிய வழக்கை மாநிலத்தில் தொடுத்தால், அதை மாற்றிக்கொள்ளும் உரிமை பிரதிவாதிக்கு மட்டுமே உண்டு. முறையாக அழைப்பாணை பெற்ற நாளிலிருந்து 30 நாள்களுக்குள் அவர் அறிவிப்பைப் பதிவு செய்ய வேண்டும். அழைப்பாணை பெற்ற மற்றப் பிரதிவாதிகள் அனைவரும் சம்மதிக்க வேண்டும். தொடக்கத்தில் மாற்ற முடியாமலிருந்து, உள்ளூர்ப் பிரதிவாதியுடன் சமரசம் ஆனது போன்ற காரணத்தால் பிறகு மாற்றத்தக்கதானால், அது தெரிந்த நாளிலிருந்து மீண்டும் 30 நாள்கள். மாநில வேறுபாட்டைக் காரணமாகக் காட்டுவதென்றால், வாதி கெட்ட எண்ணத்துடன் தடுத்திருந்தாலன்றி, வழக்குத் தொடங்கிய ஓராண்டுக்குப் பிறகு மாற்ற முடியாது.

வழக்கு மாற்றப்பட்டால் வாதி சும்மா இருக்கக் கூடாது. கெடு தவறியது, ஒருவர் சம்மதிக்கவில்லை, உள்ளூர்ப் பிரதிவாதி இருக்கிறார் போன்ற குறைகளை 30 நாள்களுக்குள் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பக் கோர வேண்டும். தவறினால் அவை போயே போய்விடும். அதிகாரமே இல்லை என்ற வாதத்தை மட்டும் இறுதித் தீர்ப்பு வரை எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம். அதிகாரக் குறையாலோ முறைக் குறையாலோ மாநிலத்துக்குத் திருப்பி அனுப்பும் உத்தரவின் மீது பொதுவாக மேல்முறையீடு இல்லை. ஃபெடரல் கோரிக்கை இருந்ததால் மாற்றப்பட்ட வழக்கில், வாதி அந்தக் கோரிக்கையை நீக்கித் திருத்தினால் வழக்கு மாநிலத்துக்கே திரும்ப வேண்டும் என்று 2025 ஜனவரியில் ராயல் கேனின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பது வாதிகளுக்குக் கிடைத்த புதிய ஆயுதம்.

இரண்டும் திறந்திருந்தால்

மாநில வேறுபாட்டால் ஃபெடரலுக்குப் போன வழக்கிலும் கவனக்குறைவு, இழப்பீட்டு அளவு, கால வரம்பு ஆகியவற்றுக்கு மாநிலச் சட்டமே பொருந்தும். இதை நிலைநாட்டியதும் ஒரு காய வழக்கே. 1934-ல் பென்சில்வேனியாவின் ஹியூஸ்டவுனில், இரவில் தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் நடந்துபோன ஹாரி டாம்கின்ஸ் மீது, கடந்து சென்ற ஈரி நிறுவனத்தின் ரயிலிலிருந்து கதவு போல நீட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று மோதியது, வலக்கை போயிற்று. பென்சில்வேனியா சட்டம் அத்தகைய பாதையில் நடப்பவரை அத்துமீறி நுழைந்தவராகவே கருதியதால், அவருடைய வழக்குரைஞர்கள் நியூயார்க்கின் ஃபெடரல் நீதிமன்றத்தை நாடினார்கள். ஜூரி 30,000 டாலர் தந்தது. 1938-ல் உச்ச நீதிமன்றம், ஃபெடரல் நீதிபதிகள் தமக்கென்று ஒரு பொதுச் சட்டம் படைத்துக்கொள்ளக் கூடாது, மாநிலச் சட்டத்தைத்தான் பின்பற்ற வேண்டும் என்று கூறியது. அவருக்குக் கடைசியில் எதுவும் கிடைக்கவில்லை.

சட்டம் ஒன்றாக இருந்தாலும் நடைமுறை ஒன்றல்ல. ஃபெடரல் ஜூரி, இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி, ஒருமனதாகவே தீர்ப்பளிக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் மாநில நீதிமன்றத்தில் பன்னிருவரில் ஒன்பது பேர் போதும். நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் ஆறில் ஐந்து பேர். ஒருவரை மட்டும் சந்தேகப்பட வைத்தால் போதும் என்ற வசதி பிரதிவாதிக்கு ஃபெடரலில்தான் உண்டு. ஜூரி தேர்வாகும் வட்டாரமும் வேறு. நியூயார்க்கின் பிராங்ஸ் கவுண்டி நீதிமன்றத்தில் பிராங்ஸ் மக்களே ஜூரி. அதே வழக்கு தெற்கு மாவட்ட ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனால் மன்ஹாட்டனும் வசதிமிக்க வெஸ்ட்செஸ்டரும் சேர்ந்த கலவை. மருத்துவ நிபுணரின் கருத்து நம்பத்தக்கதா என்பதை ஃபெடரல் நீதிபதி 1993-ஆம் ஆண்டின் டாபர்ட் தீர்ப்பின்படி ஜூரிக்கு முன்னதாகவே கடுமையாகச் சலிப்பார். நிபுணர் சாட்சியத்துக்கான ஃபெடரல் விதி 2023 டிசம்பரில் மேலும் இறுக்கப்பட்டது. நியூயார்க் மாநிலம், அந்த முறை துறையினரிடையே பொதுவாக ஏற்கப்பட்டதா என்று பார்க்கும் பழைய ஃப்ரை அளவுகோலையே இன்னும் பின்பற்றுகிறது.

இவற்றை எடை போட்டால், தனிநபர் காய வழக்கில் வாதிக்குப் பெரும்பாலும் மாநிலமே ஏற்றது என்பது என் கருத்து. விதிவிலக்குகளும் உண்டு. எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்களாக இருக்கும் சிறிய கவுண்டியில், அங்கே ஆயிரம் பேருக்கு வேலை தரும் நிறுவனத்தை எதிர்க்கும் வெளியூர்க்காரருக்கு ஃபெடரல் ஜூரி நிம்மதி தரலாம். நடவடிக்கைகளின் கால அட்டவணையை ஃபெடரல் நீதிபதிகள் இறுக்கிப் பிடிப்பதும் சிலருக்கு உதவும்.

தேர்வே நம் கையில் இல்லாத வழக்குகளும் உண்டு. உல்லாசக் கப்பல் பயணச்சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், வழக்கை இன்ன ஊரில்தான் தொடுக்க வேண்டும் என்று இருக்கும். கப்பலில் வழுக்கி விழுந்த வாஷிங்டன் மாநிலத் தம்பதி புளோரிடாவுக்குத்தான் போக வேண்டும் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையைச் செல்லுபடியாக்கியது. பெரும்பாலான சீட்டுகள் வழக்குக்கு ஓராண்டே தருகின்றன. செயலி மூலம் அழைத்த வாடகைக் கார் என்றால், நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போக ஒப்புக்கொண்டிருக்கிறோமா என்பதையும் நிபந்தனைகளில் பார்க்க வேண்டும்.

தவறான இடத்தில் தொடுத்தால்

மாநிலத்தில் தொடுத்த வழக்கு ஃபெடரலுக்குரியதாகவும் இருந்தால், நேரக்கூடியது இடமாற்றம் மட்டுமே. ஃபெடரலில் தொடுத்த வழக்குக்கு அங்கே அதிகாரமில்லை என்று தெரிந்தால் அது தள்ளுபடியாகும், எல்.எல்.சி.யின் உறுப்பினர் யார் என்று வெளிப்படுவதற்கே பல மாதங்கள் ஆகலாம். அதற்குள் மாநிலத்தின் கால வரம்பு முடிந்திருக்கும். நியூஜெர்சி, கலிஃபோர்னியா, டெக்சஸ் மாநிலங்களில் அது பொதுவாக இரண்டு ஆண்டுகள், நியூயார்க்கில் மூன்று, டென்னசியில் ஒன்றே ஒன்று. மறுபடி தொடுக்கச் சில மாநிலங்கள் அவகாசம் தருகின்றன, எல்லா மாநிலங்களும் தருவதில்லை. ஃபெடரல் அரசின் மீதான வழக்கைத் தவிர்த்து, சந்தேகம் இருக்கும்போதெல்லாம் மாநிலத்திலேயே தொடுங்கள் என்று அனுபவமுள்ள வழக்குரைஞர்கள் சொல்வது இதனால்தான்.

வழக்குரைஞரை முதன்முறை சந்திக்கும்போது காவல்துறை அறிக்கை, மருத்துவக் கட்டணச் சீட்டுகள் ஆகியவற்றுடன் விசா ஒப்புதல் கடிதம் அல்லது கிரீன் கார்டின் நகலையும் எடுத்துச் செல்ல வேண்டும். கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய வாரம் அட்டை வந்துவிட்டால் கணக்கே மாறிவிடும். எதிர்த்தரப்பில் உள்ள எல்.எல்.சி. ஒவ்வொன்றின் உறுப்பினர்களையும் விசாரித்தீர்களா என்று கேட்க வேண்டும். 2022 டிசம்பர் முதல், மாநில வேறுபாட்டை நம்பி ஃபெடரலுக்கு வரும் ஒவ்வொரு தரப்பும் தன் மாநிலம் எது, தனக்குள் அடங்கிய உறுப்பினர்களின் மாநிலங்கள் எவை என்று தொடக்கத்திலேயே எழுதித் தர வேண்டும் என்பது விதி. எதிர்த்தரப்பு வழக்கை மாற்றிக்கொண்டால், திருப்பி அனுப்பக் கோரும் 30 நாள் முடிவதற்கு முன்பே அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட வேண்டும்.